சத்து மாத்திரைகள் நமக்குத் தேவைதானா? எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது?

கேள்வி: மாலைவெயில்

அனைவருக்கும் வணக்கம். சத்து மாத்திரைகளைப் பற்றி எங்கள் வீட்டில் சில வாரங்களாக நடந்துவரும் விவாதம் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதனால் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவுபெற விரும்புகிறேன்.

எனக்கு வயது 49. முடி உதிர்வதற்காக 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரையும், சோர்வு வராமல் இருப்பதற்காக ஒரு மல்டிவைட்டமினும் ஓராண்டாக எடுத்துவருகிறேன். என் கணவருக்கு 56 வயது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புகைபிடிப்பவர். அந்தப் பழக்கத்தை விட முடியாத வருத்தத்தினாலோ என்னவோ, நுரையீரலைக் காக்கும் என்று நம்பி, பீட்டா கரோட்டினும் வைட்டமின் இ-யும் கலந்த மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் விழுங்குகிறார். 76 வயதாகும் என் அம்மா, காலையில் மற்ற மாத்திரைகளுடன் சேர்த்துக் கால்சியம் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார்.

இவை அனைத்தையும் எதிர்ப்பவள் என் மகள். நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை, எல்லாப் புட்டிகளையும் ஒரே நாளில் அப்புறப்படுத்துங்கள் என்கிறாள். வரும் ஆண்டில் குழந்தை பெற்றுக்கொள்ள எண்ணியிருக்கும் அவளிடம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளும்படி ஒரு தோழி சொன்னபோது, கரு உறுதியான பின் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுத்துவிட்டாள். அவள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் எல்லாவற்றையும் நிறுத்துவதற்கு அச்சமாகவும் இருக்கிறது. உண்மையில் மனிதர்களுக்கு இந்த மாத்திரைகள் தேவைதானா?


பதில்: மருந்துக்கூடத்து மனிதர்

வணக்கம் சகோதரி. மருந்தாளுநராக இருபத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றியவன் நான். "சத்து மாத்திரை தேவையா" என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது என்பதற்கு உங்கள் குடும்பமே நல்ல சான்று. நீங்கள் எழுதியதைப் படித்தபோது, மாத்திரை கட்டாயம் தேவைப்படுகிறவர் அதை மறுக்கிறார், அதனால் கேடு வரக்கூடியவர் தவறாமல் எடுத்துக்கொள்கிறார் என்பதே முதலில் கண்ணில் பட்டது. ஆகவே அந்த இருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள் காத்திருக்கக் கூடாது. கருவின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போய், சோதனை செய்து, மருத்துவரைப் பார்க்கச் செல்வதற்குள் அந்த நாட்கள் பெரும்பாலும் கடந்துவிடும். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்றிருந்த பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டபோது, அக்குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. முன்பு அத்தகைய குழந்தை பிறந்திராத பெண்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்பதே பொதுவான பரிந்துரை. கருத்தரிக்கத் திட்டமிடும் காலத்திலேயே, குறைந்தது ஒரு மாதம் முன்னதாகத் தொடங்க வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்பது இதற்கு மாற்றாகாது. எந்த மாத்திரையைப் பற்றியும் எவ்வளவு ஐயம் வேண்டுமானாலும் கொள்ளலாம், இது ஒன்றைத் தவிர என்று அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கணவரின் செய்தி இதற்கு நேர்மாறானது. பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கனிகளை அதிகம் உண்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், அந்தச் சத்தை மாத்திரையாகக் கொடுத்தாலும் அதே நன்மை கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் அதைச் சோதித்து 1994-இல் முடிவு வெளியானபோது, பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், முன்பு புகைபிடித்தவர்கள், கல்நார்த் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேரிடம், வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்து நடந்த மற்றோர் ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும் இறப்பு 17 விழுக்காடும் கூடுதலாகக் காணப்பட்டதால், 1996 தொடக்கத்தில், திட்டமிட்ட காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே அதை நிறுத்தினார்கள். வைட்டமின் இ-யும் பாதுகாப்பானது என்று சொல்வதற்கில்லை. நாளுக்கு 400 அலகு வைட்டமின் இ எடுத்த ஆண்களிடம் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் 17 விழுக்காடு அதிகரித்ததை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் புட்டியை அவர் இன்றே மூடி வைத்துவிடலாம். உணவில் உள்ள பீட்டா கரோட்டினுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது.

ஒரு சத்து குறைந்தால் நோய் வருகிறது, அதைக் கொடுத்தால் நோய் தீர்கிறது என்பதை மருத்துவம் பலமுறை கண்டிருக்கிறது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயுற்ற பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவாகத் தேறினார்கள். இத்தகைய வெற்றிகளிலிருந்து, குறை இல்லாதவருக்கும் கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் நலம் கிடைக்கும் என்ற முடிவுக்குத் தாவியதுதான் பிழை. வற்றிய கிணற்றுக்கு மழை வரம்; நிறைந்த கிணற்றுக்கு அதே மழையால் பயன் ஏதுமில்லை, சில வேளைகளில் கரையும் சரியும்.


பதில்: தெற்குச்சாளரம்

மேலே எழுதியவரின் கருத்துகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன். எனினும் மல்டிவைட்டமினையும் அவர் பயனற்றவற்றோடு சேர்த்துவிடுவாரோ என்ற கவலையினால் எழுதுகிறேன். அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட ஆண் மருத்துவர்கள் 14,641 பேர் சராசரியாகப் பதினோர் ஆண்டுகள் பங்கேற்ற ஆய்வில், நாள்தோறும் மல்டிவைட்டமின் எடுத்தவர்களிடம் எல்லா வகைப் புற்றுநோய்களும் சேர்ந்து 8 விழுக்காடு குறைவாக இருந்தன என்று 2012-இல் வெளியிட்டார்கள். 65 வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மூன்றாண்டுகள் மல்டிவைட்டமின் எடுத்தவர்களின் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் சற்று மேம்பட்டிருந்தன. தீங்கு மிகக் குறைவாகவும் சிறிதளவு நன்மைக்கு வாய்ப்பு இருப்பதாகவும் உள்ள ஒன்றை ஏன் நிறுத்த வேண்டும்? தனியாக வாழ்ந்து, பசி குறைந்து, ஒரு வேளை சமைத்ததையே மூன்று வேளையும் உண்ணும் முதியவர்களிடம் "உணவிலேயே எல்லாம் கிடைக்கும்" என்று சொல்வது எனக்கு இரக்கமற்றதாகவே தோன்றுகிறது.


பதில்: மருந்துக்கூடத்து மனிதர்

நண்பர் குறிப்பிட்ட இரண்டு ஆய்வுகளும் மதிக்கத்தக்கவை, எண்களையும் சரியாகவே கொடுத்திருக்கிறார். அந்த மருத்துவர்களின் ஆய்வில் 8 விழுக்காடு என்பது என்ன என்று மட்டும் விரித்துச் சொல்கிறேன்: ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் மாத்திரை எடுக்காதவர்களில் 18.3 பேருக்கும் எடுத்தவர்களில் 17 பேருக்கும் புற்றுநோய் வந்தது. அதே ஆய்வில் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அதே மருத்துவர்களில் 65 வயதைக் கடந்தவர்களைச் சோதித்தபோது நினைவாற்றலிலும் வேறுபாடு தெரியவில்லை. நலமுள்ள அமெரிக்கர்கள் ஏறத்தாழ 3,90,000 பேரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து 2024-இல் வெளியிட்ட கணக்கில், மல்டிவைட்டமின் எடுத்தவர்கள் அதனால் நீண்ட காலம் வாழவில்லை. இவற்றையெல்லாம் எடைபோட்ட அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, மல்டிவைட்டமினைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்று 2022-இல் கூறியது. பீட்டா கரோட்டினையும் வைட்டமின் இ-யையும் மட்டும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னது.

தனித்து வாழும் முதியவரைப் பற்றி அவர் எழுதியது என் மனத்தைத் தொட்டது, அதில் எனக்கு மறுப்பில்லை. சரியாக உண்ண இயலாதவர், குடலில் அல்லது இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர், விலங்கு உணவு எதையும் தொடாதவர் ஆகியோரை "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்ற ஓர் அறிவுரையால் கைகழுவிவிட முடியாது.


பதில்: சோதனைக்குழாய்

ஆய்வுக்கூடத்தில் இரத்தப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். சகோதரி எழுதியதில் ஒரு சொல் என்னை நிறுத்தியது: 10 மில்லிகிராம் பயோட்டின். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமென்று கருதப்படும் அளவு 30 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது அதைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல். அதனால் உடலுக்கு நேரடித் தீங்கு பெரிதாக இல்லை என்றாலும், பரிசோதனை முடிவுகளை அது திரித்துவிடும். பல ஆய்வுக்கூடங்களில் ஹார்மோன் அளவைக் கண்டறியும் முறை பயோட்டினின் ஒட்டும் தன்மையைப் பயன்படுத்தியே அமைந்திருக்கிறது. மாதிரியிலேயே பயோட்டின் மிகுந்திருந்தால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனாகிய டி.எஸ்.எச். அளவு குறைவாகவும், தைராய்டு சுரக்கும் தைராக்சின் அளவு அதிகமாகவும் வந்து, நல்ல நிலையில் உள்ள ஒருவருக்குத் தைராய்டு மிகையாகச் சுரப்பதுபோல் காட்டும். அதைவிட அச்சம் தருவது, மாரடைப்பைக் கண்டறிய உதவும் டிரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து வரக்கூடும் என்பது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டபோது, இத்தகைய பிழையான முடிவோடு தொடர்புடைய ஓர் இறப்பையும் குறிப்பிட்டது. இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன் நிறுத்துங்கள். அவசரமாகப் போக நேர்ந்தால் இதை எடுப்பதாக அங்கே சொல்லுங்கள். பயோட்டின் குறைவு அரிதானது. முடி உதிர்வுக்கு இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் அதைவிடப் பரவலான காரணங்கள், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், டி.எஸ்.எச். இரண்டையும் பார்ப்பது உதவும். குறை உறுதியாகாமல் இரும்பு மாத்திரையைத் தொடங்க வேண்டாம், ஏனெனில் மிகுதியாகச் சேர்ந்த இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை.

இன்னொரு குழப்பத்தையும் நீக்க விரும்புகிறேன். சத்துகளுக்கு "நாள்தோறும் பரிந்துரைக்கப்படும் அளவு" என்று அச்சிட்டிருப்பதைப் பலர் குறைந்தபட்சத் தேவை என்று எண்ணுகிறார்கள். நலமுள்ள மக்களில் 97 முதல் 98 விழுக்காட்டினரின் தேவையையும் நிறைவு செய்யும்படி சற்று உயர்த்தியே அந்த அளவை வகுக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அதைவிடக் குறைவே போதும். ஆகவே ஒருவர் உண்பது அந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறது என்பதாலேயே அவருக்குச் சத்துக் குறைபாடு என்று பொருளில்லை.


மாலைவெயில்

இவ்வளவு பொறுமையாக எழுதிய உங்கள் அனைவருக்கும் நன்றி. மகளிடம் முதல் பதிலை வாசித்துக் காட்டினேன், மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டாள். அம்மாவைப் பற்றி யாரும் எழுதாததற்குக் காரணம் நான் போதிய விவரம் தராததே. அவருக்குச் சர்க்கரை நோய்க்காகப் பன்னிரண்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மினும், தைராய்டுக்காக லெவோதைராக்சினும் உண்டு. காலையில் மறக்காமல் இருப்பதற்காக எல்லாவற்றையும் கால்சியத்தோடு ஒன்றாகவே கொடுத்துவிடுகிறேன். கடந்த ஓராண்டில் தைராய்டு மாத்திரையின் அளவை இருமுறை கூட்டினார்கள். பாதங்கள் மரத்துப்போவதாகவும் நடக்கும்போது தடுமாறுவதாகவும் சொல்கிறார்; அது சர்க்கரையினால், வயதினால் என்று விட்டுவிட்டோம். அவர் இறைச்சி, மீன், முட்டை உண்பதில்லை. பால் மட்டும் சிறிது அருந்துவார்.


பதில்: மருந்துக்கூடத்து மனிதர்

சகோதரி, இந்த விவரங்கள் மிக முக்கியமானவை. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் சென்று பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பி12 இயற்கையில் விலங்கு உணவுகளில்தான் கிடைக்கிறது. அங்கே அது புரதத்தோடு பிணைந்திருப்பதால் இரைப்பை அமிலம் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைப்பகுதிவரை கொண்டுசேர்க்க வேண்டும். வயதாகும்போது பலருக்கு அமிலச் சுரப்பு குறைந்துவிடுகிறது, மெட்ஃபார்மின் குடலில் உறிஞ்சுதலைத் தடுக்கிறது, உங்கள் அம்மாவின் உணவிலோ அது மிகக் குறைவு. மூன்று காரணங்களும் ஒருவரிடமே கூடியிருக்கின்றன. மெட்ஃபார்மின் எடுப்பவர்களிடம் பி12 குறைவு பரவலானது என்றும், அறிகுறி தென்பட்டால் பரிசோதிக்க வேண்டும் என்றும் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022-இல் அறிவுறுத்தியது. கல்லீரல் பல ஆண்டுகளுக்குப் போதுமான பி12-ஐச் சேமித்து வைத்திருப்பதால் குறைவு மெல்ல, யாரும் அறியாமல் வருகிறது. பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரையின் மேல் சுமத்திவிடுவது எளிது. ஆனால் பி12 குறைவினாலும் அதே அறிகுறி வரும், காலம் கடந்தால் நரம்புச் சேதம் மீளாமல் போகலாம். பரிசோதனைக்கு முன் ஃபோலிக் அமிலம் கலந்த மாத்திரையைத் தாமாகக் கொடுத்துவிடாதீர்கள். அது இரத்தசோகையை மட்டும் சரிசெய்து குறையை மறைத்துவிடும், நரம்புகளோ உள்ளே தொடர்ந்து கெடும். குறை உறுதியானால் ஊசியோ உயர் அளவு மாத்திரையோ மருத்துவர் தருவார். 1000 மைக்ரோகிராம் விழுங்கினால் அதில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு எந்தத் துணையும் இல்லாமல் தானாகவே உடலில் சேர்ந்துவிடும், அதுவே நாளுக்குத் தேவையான 2.4 மைக்ரோகிராமைவிடப் பல மடங்கு.

அடுத்தது கால்சியம். அது லெவோதைராக்சினோடு குடலிலேயே பிணைந்து உடலில் சேரவிடாமல் தடுக்கும். மாத்திரையின் அளவை இருமுறை கூட்ட நேர்ந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகத் தனியே எடுக்க வேண்டும். கால்சியமோ இரும்போ குறைந்தது நான்கு மணி நேரம் கழித்தே. அந்தக் கால்சியம் அவருக்குத் தேவைதானா என்பதையும் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் 36,282 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடுதலாக வந்தது.

வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை, 75 வயதைக் கடந்தவர்களுக்குப் பரிசோதனை இன்றியே மிதமான அளவில் கொடுக்கலாம் என்று அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024-இல் கூறியுள்ளது. இங்கும் அளவுதான் முக்கியம். ஆஸ்திரேலியாவில் முதிய பெண்கள் 2,256 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 அலகு ஒரே வேளையில் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட அதிகமாகக் கீழே விழுந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம். உங்கள் அம்மாவோ ஏற்கெனவே தடுமாறி நடக்கிறவர்.


பதில்: ஆற்றங்கரை

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். என் தந்தையார் இரண்டாண்டுகள் கால் மரத்து, நினைவும் மங்கி, முதுமை என்று நாங்கள் ஏற்றுக்கொண்ட பிறகே பி12 குறைவு தெரியவந்தது. ஊசி தொடங்கியதும் சோர்வும் நினைவுக் குழப்பமும் பெருமளவு நீங்கின. காலின் உணர்ச்சி முழுவதுமாகத் திரும்பவில்லை. முன்பே ஒரு பரிசோதனை செய்திருக்கலாமே என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.


மாலைவெயில்

பதினாறு நாட்கள் கழித்து எழுதுகிறேன். அம்மாவின் பி12 மிகவும் குறைவாக இருந்தது. மருத்துவர் ஊசியைத் தொடங்கிவிட்டார். பாதத்தின் மரத்தல் எந்த அளவுக்குத் திரும்பும் என்பதை ஓரிரு மாதங்கள் சென்றால்தான் சொல்ல முடியும் என்றார். கால்சியத்தை இரவு உணவோடு மாற்றிவிட்டேன். மகள் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கிவிட்டாள். தானே விவரங்களைத் தேடிப் படித்து, இதைத் தள்ளிப்போட்டிருப்பேனே என்று வருந்தினாள். நான் பயோட்டினை நிறுத்தி ஐந்து நாட்களுக்குப் பின் இரத்தம் கொடுத்தேன். தைராய்டு சரியாக இருக்கிறது, ஃபெரிட்டின்தான் குறைவு. மல்டிவைட்டமின் இந்தப் புட்டியோடு முடியும்; மீண்டும் வாங்குவதாக இல்லை.

என் கணவர் அந்த மாத்திரையை விட்டுவிட்டார். இத்தனை நாளும் அது என்னைக் காக்கிறது என்ற நிம்மதியில்தானே புகைபிடித்தேன் என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் மருத்துவரைப் பார்க்க அடுத்த வாரம் செல்கிறோம்.


பதில்: மருந்துக்கூடத்து மனிதர்

மிக்க மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கால்சியத்தை விலக்கியதால் அம்மாவின் உடலில் இனித் தைராய்டு மாத்திரை முழுமையாகச் சேரும். முன்பு கூட்டிய அளவு இப்போது மிகையாகிவிடக்கூடும். நேரத்தை மாற்றியதை அவருடைய மருத்துவரிடம் சொல்லி, ஆறு முதல் எட்டு வாரங்களில் டி.எஸ்.எச். பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதற்கிடையில் நெஞ்சு படபடப்போ கை நடுக்கமோ உறக்கமின்மையோ வந்தால் காத்திராமல் அன்றே தெரிவித்துவிடுங்கள்.